சேலஞ்ச் காயின்: சேர்ப்பது, பையில் வைத்திருப்பது, சொந்தமாக அடிக்கக் கொடுப்பது

அமெரிக்க ராணுவத்தில் இருந்த யாராவது கைகுலுக்கும்போது உங்கள் உள்ளங்கையில் கனமாக ஏதோ உறுத்தினால் கையை உதறிவிடாதீர்கள், அது பெரும்பாலும் சேலஞ்ச் காயினாகத்தான் இருக்கும். எனக்கு முதல் காயின் கிடைத்தபோது நான் உதறித்தான்விட்டேன். அது தரையில் விழுந்து மேசைக்கடியில் உருண்டு ஓட, கொடுத்த சார்ஜென்ட் சிரித்துக்கொண்டே, "கீழே போட்டுட்டியா, அப்போ இன்னிக்கு பீர் உன் கணக்கு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கம் வேலை பார்க்கும் சாதாரண சிவிலியன் நான், ஊர்தான் ராணுவ ஊர். அதற்கப்புறம் சில வருடங்களில் ஒரு மரப்பெட்டி நிறையக் காயின் சேர்ந்தது, ஒரு முறை ஒரு சின்ன அணிக்காக நூறு காயின் அடித்துக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் செய்த தப்புகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இது செலாவணி நாணயம் இல்லை, சீருடையில் குத்திக்கொள்ளும் பதக்கமும் இல்லை. ஒரு படைப்பிரிவின் சின்னமும் அதன் முழக்கமும் பொறித்த வட்டமான உலோகத் துண்டு, அந்தப் பிரிவின் அடையாளமாகவும் பாராட்டாகவும் கைமாறுவது. வழக்கமான அளவு ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 44 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம். நம் ஊர்ப் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. தான், எடை 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பித்தளையில் அடித்த சேலஞ்ச் காயின் 35 கிராம் தாண்டும். பையில் இருந்தால் இருப்பது தெரியும், அதுதான் அதன் அழகு.

எங்கிருந்து வந்தது

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது முதல் உலகப்போர்க் கதை. பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் விமானப்படை லெப்டினன்ட் ஆகிறான், தன் அணியில் எல்லோருக்கும் வெண்கலத்தில் மெடல் அடித்துக் கொடுக்கிறான், அதில் ஒரு விமானி ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பிப் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்து சேர்கிறான், அவனை உளவாளி என்று நினைத்துச் சுடப் போகும் நேரத்தில் கழுத்துப் பையிலிருந்த மெடல் அவனைக் காப்பாற்றுகிறது, சுட வந்தவர்களே ஒரு பாட்டில் ஒயினும் கொடுத்து அனுப்புகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த அணி, என்ன பெயர், எந்த ஊர் என்று எதுவும் இல்லாத கதை, ஆகவே கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லி உங்களிடம் "1917 காயின்" விற்க வருகிறவரிடம் மட்டும் ஜாக்கிரதை.

கொஞ்சம் கெட்டியான தரை கொரியப் போரில் கிடைக்கிறது. 17ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் கர்னல் வில்லியம் குவின், "பஃபலோ பில்" என்று பட்டப்பெயர், 1950-51இல் தன் கீழ் இருந்தவர்களுக்காக ஒரு காயின் அடித்தார். ஒரு பக்கம் எருமை, மறுபக்கம் ரெஜிமென்ட் சின்னம். கழுத்தில் மாட்டிக்கொள்ள வசதியாக மேலே ஒரு துளையும் உண்டு. இந்தத் துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விதிகள் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

காயினைத் தட்டி, இல்லாதவனை மாட்டவைக்கும் விளையாட்டு வேறு வழியில் வந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் இருந்த அமெரிக்க வீரர்கள் "ஃபென்னிக் செக்" என்று ஒன்று விளையாடினார்களாம். ஃபென்னிக் அங்கே இருந்ததிலேயே சின்னக் காசு. யாராவது கத்தினால் எல்லோரும் பையில் கைவிட்டு ஒரு ஃபென்னிக்கை எடுத்துக் காட்ட வேண்டும், அதுகூட இல்லாதவன் அடுத்த சுற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும். வியட்நாமில் இதுவே தோட்டாவாக மாறியது. போர்முனையில் இருப்பதைக் காட்ட ஆளுக்கொரு தோட்டா வைத்திருப்பார்கள், மதுக்கடை மேசையில் அதை அறைவார்கள், என் தோட்டா பெரிதா உன் தோட்டா பெரிதா என்ற போட்டியில் வெடிக்காத குண்டுகளே மேசைக்கு வர ஆரம்பித்ததாகக் கேள்வி. அந்த இடத்துக்குக் காயின் வந்தது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று. 1960களில் ஜெர்மனியின் பாட் டோல்ஸில் இருந்த 10ஆவது சிறப்புப் படைக் குழுவில் இந்தப் பழக்கம் ஊன்றியது. 1980களுக்குப் பிறகுதான் மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் பரவியது. இன்றைக்கு போலீஸ், தீயணைப்பு, ஏன் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரை காயின் அடிக்கின்றன.

பையில் வைத்திருப்பவருக்கு

விதிகள் எழுதி வைத்த சட்டம் இல்லை, பிரிவுக்குப் பிரிவு மாறும். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் முதல் நாளே "இங்கே என்ன விதி" என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதை அவமானமாக நினைக்காதீர்கள், கேட்காமல் இருந்தால் செலவுதான் ஆகும். பொதுவாக எல்லா இடத்திலும் நான் பார்த்தது இவ்வளவு:

ஒருவர் காயினை உயர்த்திக் காட்டுவார், அல்லது மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி தட்டுவார். இதுதான் காயின் செக். சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தன் காயினை எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்க வேண்டும். எல்லோரும் காட்டிவிட்டால் தட்டியவரே வாங்க வேண்டும், ஆகவே எண்ணிப் பார்க்காமல் தட்டாதீர்கள். இருபது பேர் உள்ள இடத்தில் தட்டிவிட்டு இருபது காயினும் வெளியே வருவதைப் பார்த்த ஒருவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தவறிக் கீழே போட்டாலும் பல இடங்களில் அது தட்டியதாகவே கணக்கு. என் பீர்ச் செலவு அப்படி வந்ததுதான்.

காயின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதிகபட்சம் ஓர் அடி எடுத்து வைத்து எடுக்கலாம். "காரில் இருக்கிறது, இதோ எடுத்து வருகிறேன்" செல்லாது. குளித்துக்கொண்டிருந்தாலும் விலக்கு இல்லை என்பார்கள், ஆனால் அதைச் செயல்படுத்தி யாரும் பார்த்ததில்லை.

துளை போட்டுச் சாவிக்கொத்தில் கோத்தது, பெல்ட் பக்கிளில் பற்றவைத்தது எல்லாம் காயினாகக் கணக்கில் வராது. கர்னல் குவின் துளையோடு அடித்துக் கொடுத்த பழக்கத்தில், துளை இருந்தாலே செல்லாது என்று பின்னால் வந்தவர்கள் விதி வைத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். கழுத்தில் சின்னப் பையில் போட்டுத் தொங்கவிட்டால் செல்லும்.

இன்னொன்று, பல பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். "உன் காயினைக் காட்டு" என்று யாராவது கை நீட்டினால் கையில் கொடுக்காதீர்கள். கையில் கொடுத்தால் கொடுத்ததாகவே அர்த்தம் என்று சொல்லி அதை அப்படியே வைத்துக்கொள்ளும் பழைய ஆட்கள் உண்டு. சத்தம் வராமல் மெல்ல மேசையில் வையுங்கள், அவர் அங்கிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைக்கட்டும். எனக்கு இது வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்துக் கொடுப்பதை ஞாபகப்படுத்தும்.

எந்தக் காயினைப் பையில் வைப்பது? உங்களிடம் உள்ளதிலேயே அரிதானதை வைக்காதீர்கள். சாவியோடு சேர்ந்து உரசினால் ஒரே மாதத்தில் விளிம்பு தேய்ந்து முலாம் போய்விடும். தினமும் தூக்கிச் செல்ல ஒன்று, பெட்டியில் இருக்க மற்றவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாவி போடாத பையில், அல்லது சின்னத் தோல் உறையில் போடலாம். விமான நிலையச் சோதனையில் தட்டில் போட்டால் மறக்காமல் எடுங்கள். தொப்பிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, வேறு ஒருவரோடு போய்விட்ட காயின் ஒன்று எனக்கு உண்டு.

சேர்ப்பது

இரண்டு வகைக் காயின் உண்டு: கையில் வந்தது, காசு கொடுத்து வாங்கியது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாம், ஆனால் ஒரே மாதிரிப் பேசக் கூடாது. வாங்கிய காயினை "எனக்கு ஜெனரல் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டால், அந்தப் பிரிவில் இருந்த ஒருவர் அதே அறையில் இருக்கும் நாள் நிச்சயம் வரும்.

கையில் வந்த காயினுக்கு அன்று இரவே ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: யார் கொடுத்தார், அவர் பதவி என்ன, எந்த ஊர், எந்தத் தேதி, எதற்காக. இதை நான் முதல் இரண்டு வருடம் செய்யவில்லை. இப்போது ஆறேழு காயின்கள் யார் கொடுத்தது என்றே தெரியாமல் கிடக்கின்றன, அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் எடுத்துக் காட்டினால் சொல்ல ஒன்றுமில்லை. பிரிவின் பெயரை வைத்து அது என்ன காயின் என்று யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சில காயின்களின் மதிப்பு அதை வாங்கும் தருணத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் லேக்லண்ட் விமானப்படைத் தளத்தில் அடிப்படைப் பயிற்சி முடிக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஏர்மேன்ஸ் காயின் கொடுக்கிறார்கள். அதுவரை "டிரெய்னி", கையில் காயின் விழுந்த நிமிடத்திலிருந்து "ஏர்மேன்". ஆயிரக்கணக்கில் அடிக்கப்படும் காயின்தான், விலைக்கும் கிடைக்கும். ஆனால் அந்த மைதானத்தில் அதை வாங்கிக்கொண்டு அழும் பையன்களைப் பார்த்தவர்கள் அதை மலிவான காயின் என்று சொல்ல மாட்டார்கள்.

ஜனாதிபதி காயின்கள் தனி உலகம். பில் கிளிண்டன் தனக்கு வீரர்கள் கொடுத்த காயின்களை அடுக்கடுக்காகத் தன் அலுவலகத்தில் வைத்திருந்தார், அவருடைய அதிகாரபூர்வ ஓவியத்திலும் அவை தெரியும். டிரம்ப் 2017இல் தன் காயினை மாற்றியபோது பெரிய பேச்சாயிற்று. முன்பு இருந்ததைவிடத் தடிமன், பொன்னிறம், ஜனாதிபதி முத்திரை இருந்த இடத்தில் கையெழுத்தோடு ஒரு கழுகு, நாட்டின் லத்தீன் முழக்கத்துக்குப் பதில் தேர்தல் கோஷம். 2018இல் வட கொரியச் சந்திப்புக்காக வெள்ளை மாளிகைத் தகவல் தொடர்புப் பிரிவு அடித்த காயினில் கிம் ஜொங் உன்னை "உச்சத் தலைவர்" என்று பொறித்திருந்ததும் செய்தியாயிற்று. இப்படிச் செய்தியில் அடிபட்டவற்றுக்கு மறுநாளே நகல்கள் முளைத்துவிடும். ஜனாதிபதி பெயர் போட்டு இணையத்தில் விற்பவற்றில் பெரும்பாலானவை நினைவுப் பரிசுக் கடைச் சரக்கு, ஜனாதிபதி கை தொட்டதே இல்லை.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் சில விஷயம் மட்டும். இரண்டு பக்கப் படமும் விளிம்புப் படமும் கேளுங்கள், எடையும் விட்டமும் கேளுங்கள். எழுத்தின் ஓரங்கள் சோப்பு மாதிரி வழுக்கையாக இருந்தால், நல்ல காயின் ஒன்றை வைத்து அச்செடுத்து வார்த்த நகலாக இருக்கலாம். ரகசியப் பிரிவு, ஒரே ஒரு காயின் என்று சொல்பவரிடமே அதே காயின் போன மாதமும் விற்பனைக்கு இருந்ததா என்று தேடிப் பாருங்கள். வரிசை எண் பொறித்தது என்றால் விற்பவர் அந்த எண்ணைக் காட்டத் தயங்கக் கூடாது.

வைத்துக் காப்பது

மெருகு போடாதீர்கள். இதை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் போதாது. குத்துவிளக்குத் தேய்க்கும் பொடியோ பித்தளை மெருகுத் திரவமோ போட்டால், மேலே இருக்கும் முலாம் மெல்லிய படலம்தான், இரண்டு தேய்ப்பில் போய் அடி உலோகம் தெரியும். பழமை நிறம் ஏற்றிய காயினென்றால் பள்ளங்களில் இருக்கும் கறுப்பும் சேர்ந்து போய்விடும், அதற்கப்புறம் படமோ எழுத்தோ எடுப்பாகத் தெரியாது. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் அசிட்டோனில் கழுவச் சொல்வார்கள், அது அவர்களுக்குச் சரி, நம் காயினில் எனாமல் நிறமோ எபாக்ஸி என்கிற பிசின் பூச்சோ இருந்தால் அதுவும் கரைந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுப்பது, அவ்வளவுதான்.

கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற, பளபள பிளாஸ்டிக் உறைகளில் பல பி.வி.சி.யில் செய்தவை. நாளாக நாளாக அதிலிருந்து பிசுபிசுப்பாகப் பச்சை கசிந்து காயினைத் தின்றுவிடும். மைலார் (பாலியஸ்டர் படலம்) உறை அல்லது சரியான அளவில் கெட்டியான வட்டக் கேப்ஸ்யூல் வாங்குங்கள். மரத்தட்டு அழகுதான், ஆனால் ஓக் மாதிரி மரங்கள் அமில ஆவி விடும், மூடிய பெட்டியில் அது காயினுக்கு ஆகாது, திறந்த தட்டென்றால் பரவாயில்லை. கடலோர ஊரில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், வியர்வைக் கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் மூடாதீர்கள்.

சொந்தமாக அடிக்கக் கொடுப்பது

இங்கேதான் நான் அதிகம் அடிபட்டேன், ஆகவே இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

பென்சிலை எடுப்பதற்கு முன்னால் அனுமதி. அமெரிக்கத் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஒவ்வொரு படைக்கும் தன் சின்னங்களைக் கவனித்துக்கொள்ளும் உரிம அலுவலகம் உண்டு. அடித்து விற்கப்போகிறீர்கள் என்றால் உரிமம் வேண்டும். ஒரு பிரிவு தனக்காக அடிக்கிறது என்றால் அதன் தலைமை அதிகாரியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பாதுகாப்புத் துறையின் முத்திரை, ஜனாதிபதி முத்திரை இரண்டின் பக்கமும் போகவே வேண்டாம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். அரசுப் பணத்தில் அடித்த காயினைச் சிறப்பான வேலைக்குப் பாராட்டாகக் கொடுக்கலாம், வந்தவர் போனவருக்கெல்லாம் நினைவுப் பரிசாக அள்ளிக் கொடுக்கக் கூடாது. பல அதிகாரிகள் சொந்தப் பையிலிருந்து அடிப்பது இதனால்தான்.

அடுத்தது படம். 44 மி.மீ. வட்டத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் திணிக்கப் பார்ப்பார்கள். எங்கள் காயினுக்கு வந்த ஆலோசனைகள்: கழுகு, இரண்டு துப்பாக்கி, உலக உருண்டை, நான்கு நாட்டுக் கொடி, லத்தீனில் ஒரு வரி, ஆங்கிலத்தில் இரண்டு வரி. எல்லாவற்றையும் போட்டோம், யாரையும் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. வந்து சேர்ந்தபோது ஆங்கில வரிகள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன, 'ஏ'யும் 'ஓ'வும் நிறம் நிரம்பி ஒரே பொட்டாக இருந்தன. ஆகவே சொல்கிறேன்: எழுத்து 2 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது, கோடு 0.3 மி.மீ.க்கு மெலியக் கூடாது. படத்தை உண்மையான அளவில் காகிதத்தில் அச்செடுத்து, கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு பக்கம் பிரிவு, மறுபக்கம் அதன் ஊரோ வேலையோ, இரண்டே விஷயம் போதும். ஃபைல் வெக்டர் வடிவில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வடிவம்) இருக்கட்டும், நிறங்களை "நீலம்" என்று எழுதாமல் பேன்டோன் எண்ணாக (ஒவ்வொரு நிறச்சாயலுக்கும் உள்ள குறியீட்டு எண்) கொடுங்கள். லத்தீன் முழக்கம் இருந்தால் பிரிவின் அதிகாரபூர்வச் சின்னத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சரிபாருங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

பிறகு உலோகம். பித்தளையில் எஃகு அச்சை வைத்து அழுத்தி அடிப்பது ஒரு முறை. ஓரங்கள் கூர்மையாக வரும், கையில் கனம் இருக்கும். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றுவது இன்னொன்று. நடுவில் ஓட்டை, விமான வடிவம், பாட்டில் திறப்பான் மாதிரி விசித்திரங்களுக்கு இதுதான் வசதி. எடை குறைவு, அதே அளவில் 30 கிராம் சுமாருக்குத்தான் வரும். சாதாரண வட்டக் காயினென்றால் என் ஓட்டு பித்தளைக்கு.

படம் தட்டையாக இரண்டு மட்டத்தில் இருக்க வேண்டுமா, சிலை மாதிரி மேடு பள்ளத்தோடு வேண்டுமா என்று கேட்பார்கள். எழுத்து, கேடயம், கோடுகளுக்குத் தட்டையே போதும். முகம், மிருகம், விமானம் இருந்தால் மேடு பள்ளம் போடுங்கள். அதற்குப் பளபளக்கும் தங்க முலாம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், கண்ணாடி மாதிரி மின்னி உருவமே தெரியாது. பழமை நிறம் ஏற்றச் சொன்னால் பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேட்டில் உலோகம் மின்னும், கைரேகையும் தெரியாது.

எனாமலிலும் இரண்டு. சாஃப்ட் எனாமலில் நிறம் பள்ளத்தில் தங்கும், உலோகக் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். ஹார்ட் எனாமலில் நிறம் நிரப்பித் தேய்த்துச் சமமாக்குவார்கள், வழவழவென்று இருக்கும், விலை கூடுதல். பையில் புரளும் காயினுக்கு ஹார்ட் எனாமல் தாங்கும். ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் மாதிரி எதுவும் எனாமலில் வராது, அதற்கு அச்சிட்டு மேலே எபாக்ஸி ஊற்ற வேண்டும். அது பார்க்கக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் மாதிரி இருக்கும் என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

விளிம்பில் கயிறு முறுக்கு, வைர வெட்டு, வரிவரியாகக் கோடு என்று பல உண்டு. கயிறு முறுக்கு பிடிக்க நன்றாக இருக்கும். வரிசை எண் வேண்டுமென்றால் அதற்கான வெற்றிடத்தைப் படத்திலேயே விடுங்கள், பிறகு இடம் கிடைக்காது. இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது: காயினைத் திருப்பும்போது பின்பக்கம் நேராக வர வேண்டுமா, தலைகீழாக வர வேண்டுமா? அமெரிக்கச் செலாவணி நாணயங்களில் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக இருக்கும், பதக்கங்களில் நேராக இருக்கும். சொல்லாவிட்டால் தொழிற்சாலை தன் வழக்கப்படி செய்யும்.

பெரும்பாலான இடங்களில் அச்சுக்கு ஒரு முறைக் கட்டணம் தனி, காயினுக்கு விலை தனி, 50 அல்லது 100க்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள். மூன்று இடத்தில் விலை கேளுங்கள், கேட்கும்போது விட்டம், கனம், உலோகம், எனாமல், நிறங்களின் எண்ணிக்கை எல்லாம் ஒரே மாதிரி சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. முதலில் கம்ப்யூட்டரில் வரைந்த மாதிரிப் படத்தை அனுப்பி ஒப்புதல் கேட்பார்கள், அதோடு விடாதீர்கள், அடித்த முதல் காயினின் புகைப்படம் வரும்வரை மீதியை அடிக்க வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால் அந்தப் பொட்டு எழுத்துகள் ஒரே காயினோடு போயிருக்கும். அமெரிக்கக் கம்பெனி பெயரில் வாங்கினாலும் நிறையக் காயின்கள் சீனத் தொழிற்சாலைகளில்தான் அடிக்கப்படுகின்றன. ஆகவே ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்தில் விழா வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் ஆர்டர் கொடுக்காதீர்கள், வாரக்கணக்கில் பூட்டிவிடுவார்கள். நூறு பித்தளைக் காயின் நான்கு கிலோ பக்கம் வரும், அனுப்பும் செலவையும் கணக்கில் சேருங்கள். அச்சு யாருக்குச் சொந்தம், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த முறை அச்சுக் கூலி மிஞ்சும்.

பெட்டி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டி, ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் பாருங்கள். நிறம் வழிந்தது, முலாம் கொப்பளித்தது, விளிம்பு நசுங்கியது எல்லாம் தனியே எடுத்துப் படம் பிடித்து அன்றே எழுதுங்கள். பத்துக் காயினை ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள், ஓய்வு பெற்றுப் போனவர்கள் இரண்டு வருடம் கழித்துக் கேட்டு வருவார்கள். மீதியைக் கொடுக்கும்போது ஒத்திகை ஒரு முறையாவது பாருங்கள்: காயின் வலது உள்ளங்கையில், கட்டைவிரல் மடக்கி அதைப் பிடித்திருக்க, கை கொடுத்ததும் விரலைத் தளர்த்த வேண்டும். வாங்குபவர் புதியவராக இருந்தால் அவர் கையை நன்றாகப் பிடித்த பிறகே விடுங்கள்.